ஊழியம் என்ற சொல்லும் சாப்பாடு காவுகிற வேலையும்

தமிழ் வேதக்காரரிடையே ‘ஊழியம்’ என்ற சொல்லுக்குத் தனி மரியாதை உண்டு. வங்கி உத்தியோகத்தை விட்டுவிட்டு ஒருவர் போதகராகப் போனால் ‘ஊழியத்துக்கு வந்துவிட்டார்’ என்கிறோம். அதே சொல்லை இலங்கை அரசாங்கம் 1958 இல் ஒரு சட்டத்துக்குச் சூட்டியது: ஊழியர் சேமலாப நிதி. அங்கே ஊழியர் என்றால் சம்பளமும் முதுமைக்கென ஒரு சேமிப்பும் உள்ள மனிதர். இவை இரண்டுக்கும் முன்னே, ஒல்லாந்தக் கொம்பனி யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில், குறித்த சில சாதிகளைச் சேர்ந்த ஆண்கள் ஆண்டுக்கு 12 நாள் கூலியின்றிக் கொம்பனிக்குச் செய்துகொடுக்க வேண்டிய வேலைக்கும் ஊழியம் என்றுதான் பெயர். செய்யாதவன் காசு கட்டித் தன்னை மீட்டுக்கொள்ள வேண்டும்.

கடவுளுக்காகச் செய்வது, சம்பளத்துக்காகச் செய்வது, கட்டாயத்துக்காகச் செய்வது என மூன்றுக்கும் ஒரே சொல். ஆர்ச்வேயில் முதுகில் பெட்டியைக் கட்டிக்கொண்டு சாப்பாடு காவித் திரிகிற நாங்கள் இதில் எந்த ஊழியத்தைச் செய்கிறோம்? இந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் கேளாமலே பதில் சொல்லப் பலர் இருக்கிறார்கள். ஆகவே நாங்களும் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

ஆர்ச்வேயைத் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம். வட லண்டனில் ஹொலவே றோட்டும் ஜங்ஷன் றோட்டும் வந்து முட்ட, ஆர்ச்வே றோட்டும் ஹைகேற் ஹில்லும் மேலே ஏறுகிற சந்தி அது. முன்பு அங்கே வாகனங்கள் சுற்றிச் சுற்றி ஓடும். 2017 இல் அந்தச் சுற்றை உடைத்து ஸ்ரேசன் வாசலில் ஒரு சதுக்கம் அமைத்து அதற்கு நவிகேற்றர் சதுக்கம் என்று பெயர் வைத்தார்கள். கால்வாயும் ரயில்பாதையும் றோட்டும் வெட்ட வந்த ஐரிஷ் கூலியாட்களின் நினைவாக வைத்த பெயர். அந்தச் சதுக்கத்தில்தான் நாங்கள் நிற்பது. ஹைகேற் ஹில்லின் ஏற்றம் எப்படிப்பட்டதென்றால், ஐரோப்பாவின் முதலாவது கேபிள் ட்ராம் 1884 இல் ஓடியது அதில்தான். மின்சார சைக்கிள் இல்லாதவனுக்கு அந்த ஏற்றம் தினமும் ஒரு சிலுவைப்பாதை. வழியில் விற்றிங்டன் ஆஸ்பத்திரி. அதற்கும் மேலே பச்சைக் குவிமாடத்தோடு புனித சூசையப்பர் கோயில். சூசையப்பர் தொழிலாளரின் பாதுகாவலர் என்பது எங்கள் கத்தோலிக்க நண்பர்களுக்கு ஓர் ஆறுதல். அந்தப் பக்கத்துக் கல்லறையில் 1883 இல் அடக்கம் செய்யப்பட்ட கார்ல் மார்க்ஸ் இருக்கிறார். சமயத்தைப் பற்றி அவர் சொன்னதை இத்தகைய சஞ்சிகையின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

ஆர்ச்வே றோட்டில் எங்களவர் 1986 இல் திறந்த முருகன் கோயில் இருக்கிறது. 2002 இல் எலிசபெத் மகாராணி வந்துபோன கோயில். எங்களில் ஒருவர் முருகனின் ஆள். திருவிழா நாட்களில் மற்றவர்களையும் அன்னதானத்துக்கு அழைப்பார். விக்கிரகத்துக்குப் படைத்ததை உண்ணலாமா என்று கொரிந்து சபை பவுலிடம் கேட்ட கேள்வி இரண்டு மணி நேரம் ஓடர் ஒன்றும் வராத ஒரு நாளில் எங்களுக்குள்ளும் எழுந்தது. பவுல் கொடுத்த பதில் நிதானமானது. எங்கள் பசி அவ்வளவு நிதானமாக இருக்கவில்லை. போய்ச் சாப்பிட்டோம். அன்று வயிறார உண்ட சோற்றுக்கு விலையும் இல்லை, நட்சத்திரப் புள்ளியும் இல்லை.

இனி, சொல்லப்பட்ட பதில்களுக்கு வருவோம். ஒரு தமிழ் ஆராதனையில் போதகர் எங்களைப் பெயர் சொல்லாமல் சுட்டி, எந்த வேலையைச் செய்தாலும் மனிதருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்ற கொலோசெயர் நிருபத்தின் போதனையை எடுத்துப் பிரசங்கித்தார். மழையிலும் பனியிலும் நீங்கள் காவுவது சாப்பாடல்ல, தேவனுடைய அன்பு என்றார். நல்ல மனிதர், எங்களுக்கு ஊக்கம் தரவே சொன்னார். ஆனால் அந்தப் போதனை யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை அவர் சொல்லவில்லை. மூலத்தில் அது அடிமைகளுக்குச் சொன்னது. எங்கள் பழைய தமிழ் வேதாகமம் அடிமை என்று போடாமல் ‘வேலைக்காரரே’ என்று போட்டது. போட்டதும் அடிமைக்குச் சொன்ன ஆறுதல் கூலிக்காரனுக்குச் சொன்ன ஒழுக்கமாக மாறிவிட்டது. தப்பிப்போக வழியில்லாத ஒருவனிடம் ‘உன் எசமான் உன்னுடைய கடைசி எசமான் அல்ல’ என்று சொல்வது ஒரு விடுதலை. பேரம் பேச உரிமையுள்ளவனிடம் அதையே சொல்லிப் பேரத்தை நிறுத்தச் சொல்வது வேறு விடயம்.

இப்படிப்பட்ட பிரசங்கங்களில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்துச் சகோதரர் லோறன்ஸ் தவறாமல் வருவார். 17 ஆம் நூற்றாண்டில் மடத்துக் குசினியில் சட்டி பானைகளின் நடுவே கடவுளின் பிரசன்னத்தை உணர்ந்தவர். அவரில் எங்களுக்குக் குறையில்லை. ஆனாலும் மடத்தில் அவருக்குப் படுக்க இடமும் மூன்று நேரச் சாப்பாடும் இருந்தன. முட்டை பொரித்து முடிய இத்தனை வினாடி தாமதம் என்று அவர் சட்டியில் ஒன்றும் கிணுகிணுக்கவில்லை.

எங்களுக்கு நெருக்கமானவர் சிமோன் வெய்ல். யூதக் குடும்பத்துப் பிரெஞ்சுப் பெண், தத்துவ ஆசிரியை. 1934 டிசம்பரிலிருந்து 1935 ஆகஸ்ட் வரை பாரிஸ் பக்கத்துத் தொழிற்சாலைகளில், கடைசியாக றெனோல்ட் கார் தொழிற்சாலையில், கூலியாளாக நின்றவர். கிறிஸ்துவிடம் நெருங்கியவர், ஆனால் திருச்சபையின் வாசலிலேயே நின்றுகொண்டவர். ஜெபம் என்பது முழுக் கவனம் என்று அவர் எழுதினார். தொழிற்சாலை அந்தக் கவனத்தைத்தான் மனிதரிடமிருந்து பறிக்கிறது என்பதையும் அவர் தன் உடம்பில் அறிந்தார். வேலையின் வேகம் சிந்தனையைக் கொல்கிறது. சிந்தனை செத்த இடத்தில் ஜெபத்துக்கு யார் இருப்பது? அவரும் அகதியாகத்தான் இங்கிலாந்து வந்தார். நோயுற்றிருந்தும், ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் மக்களுக்குக் கிடைத்த பங்குக்கு மேல் உண்ண மறுத்தார் என்பார்கள். 1943 ஆகஸ்டில் கென்ற் மாகாணத்து ஆஷ்போர்டில், 34 வயதில் இறந்தார். வேலை தன்னாலே புனிதமாகிவிடாது என்பதை அவரிடம் கற்றோம். எவ்வளவு கவனத்தை அது மனிதரிடம் மிச்சம் விடுகிறது என்று பார்க்க வேண்டும்.

சாப்பாடு காவுகிறவர்கள் வேதாகமத்தில் இல்லாமலில்லை. எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த காகங்களை விட்டுவிடுவோம். எருசலேமின் ஆதிச் சபையில் அன்றாடம் சாப்பாடு பங்கிட்டபோது கிரேக்க மொழி பேசிய விதவைகள், அதாவது வெளியூர்ப் பேச்சுப் பேசியவர்கள், கவனிக்கப்படாமல் போனார்கள். முறுமுறுப்பு எழுந்தது. தேவ வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிக்க எங்களால் முடியாது என்று அப்போஸ்தலர்கள் சொல்லி, அந்த வேலைக்கு ஏழு பேரைத் தெரிவுசெய்தார்கள். ஏழு பேருக்கும் இருந்தவை கிரேக்கப் பெயர்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஸ்தேவான்தான் கல்லெறியுண்டு முதலாவது இரத்தசாட்சியானவர். வசனத்துக்கென்று ஒதுங்கியவர்களுக்கு முன்னே பந்திக்கென்று போனவர் போய்ச் சேர்ந்தார். எங்கள் பிரசங்கிகள் இதை அதிகம் இழுத்துப் பேசுவதில்லை.

இலங்கையில் திஸ்ஸ பாலசூரிய அடிகளார் 1977 இல் நற்கருணையும் மானிட விடுதலையும் பற்றி எழுதிய நூலில் இதே இடத்தில்தான் கைவைத்தார். இத்தனை இலட்சம் பூசைகள் ஒப்புக்கொடுத்தும், அப்பத்தைப் பங்கிட்டும், கிறிஸ்தவர்கள் ஏன் இன்னும் பங்கிடாதவர்களாகவே இருக்கிறார்கள் என்று கேட்டார். பின்னாளில், 1997 இல், வேறொரு நூலுக்காகத் திருச்சபை அவரை விலக்கி, அடுத்த ஆண்டு திரும்பச் சேர்த்துக்கொண்டது வேறு கதை.

ஆனால் எங்களுக்கு மிகப் பிடித்தவர் அபக்கூக்கு. கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் நூலின் 14 ஆம் அதிகாரத்தில் வருகிறது. மற்றச் சபையாரின் வேதாகமத்தில் இல்லாததால் எங்களில் பாதிப்பேருக்கு அது புதுக்கதை. யூதேயாவில் அபக்கூக்கு இறைவாக்கினர் கூழ் காய்ச்சி, அப்பத்தைப் பிட்டுப் போட்டு, வயலில் அரிவி வெட்டுகிறவர்களுக்குக் கொண்டு போகிறார். வழியில் வானதூதர் மறித்து, இதைப் பாபிலோனில் சிங்கக் குகையில் கிடக்கிற தானியேலுக்குக் கொண்டுபோ என்கிறார். பாபிலோனை நான் கண்டதே இல்லை, குகை எங்கே என்றும் தெரியாது என்கிறார் இவர். (புதிதாக வந்தவர்கள் முதல் நாளில் சொல்லுகிற அதே பதில்.) தூதர் அவரைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்க் குகை வாசலில் வைக்கிறார். தானியேல் நாடு கடத்தப்பட்டவர், எங்களைப் போல. கடவுள் என்னை மறக்கவில்லை என்று சொல்லிச் சாப்பிடுகிறார். எங்கள் கேள்வி வேறு: அன்று வயலில் நின்ற வெட்டுக்காரருக்கு மத்தியானச் சாப்பாடு என்னாயிற்று? அதை வேதம் சொல்லவில்லை.

இப்படிப் பார்த்துக்கொண்டு போகையில்தான் மத்தேயுவின் 20 ஆம் அதிகாரம் எங்களுக்கு வேறுவிதமாகத் திறந்தது. திராட்சைத் தோட்டக்காரன் விடியற்காலையில் சந்தைக்குப் போய்ப் பேசிய கூலிக்கு ஆள் பிடிக்கிறான். பிறகு ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாகப் பொழுதுபட ஒரு மணி நேரம் இருக்கையிலும் போகிறான். இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறான்; எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். மாலையில் எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு நாட்கூலி. இதைச் சிறுவயதிலிருந்து பரலோகத்தைப் பற்றிய உவமையாகவே கேட்டு வந்தோம்: பிந்தி மனந்திரும்பியவனுக்கும் அதே மோட்சம். சரிதான். ஆனால் நவிகேற்றர் சதுக்கத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போனைப் பார்த்தபடி நிற்கிறவனுக்கு முதலில் கண்ணில் படுவது, அந்த முதலாளி காத்துநின்ற நேரத்துக்கும் கூலி கொடுத்தான் என்பதே. கூப்பிடப்படாதது அவர்கள் குற்றமல்ல. நின்றவனுக்கும் அன்றிரவு பசிக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தேவையோ அதுதான் கணக்கு. முறுமுறுத்தவர்கள் முழுநாளும் வேலை செய்தவர்கள். அவர்களுடைய முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு என்பதை நாங்கள் மறுக்கவில்லை.

இது வெறும் வியாக்கியானம் அல்ல. 2016 ஆகஸ்ட் வரையில் டெலிவரூ கொம்பனி லண்டனில் பலருக்கு மணித்தியாலத்துக்கு 7 பவுணும், கொண்டுபோய்க் கொடுக்கிற ஒவ்வொன்றுக்கும் மேலதிகமாக 1 பவுணும் கொடுத்து வந்தது. சில வலயங்களில் அதை மாற்றி, மணித்தியாலக் கணக்கே இல்லாமல் ஓடர் ஒன்றுக்கு 3.75 பவுண் என்ற முறையைப் பரீட்சித்தபோது வேலைநிறுத்தம் வெடித்தது. எத்தனை பென்ஸ் கூடியது, எத்தனை பென்ஸ் குறைந்தது என்பதை விடப் பெரிய கேள்வி அதற்குள் இருந்தது. காத்திருக்கும் நேரம் யாருடையது? 7 பவுண் முறையில் அந்த நேரத்தின் ஒரு பங்கு கொம்பனியுடையது. மற்ற முறையில் முழுவதும் எங்களுடையது, நட்டம் உட்பட.

அந்த ஆண்டிலேயே கம்டன், கென்ரிஷ் ரவுன் வலயத்தில், அதாவது ஆர்ச்வேயிலிருந்து ரயிலில் இரண்டாவது தரிப்பில், ஒரு சிறு தொழிற்சங்கம் இவர்களின் சார்பில் பேரம் பேச அங்கீகாரம் கேட்டது. வழக்குப் படிப்படியாக ஏறி 2023 நவம்பர் 21 இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தொழிற்சங்க உரிமை பிறப்பதற்கு வேண்டிய தொழில் உறவு இவர்களுக்கு இல்லை என்று தீர்ந்தது. வேலை நேரம் நிர்ணயிக்கப்படவில்லை, வந்த ஓடரை மறுக்கலாம், போட்டிக் கொம்பனிக்கும் ஓடலாம் என்று காரணங்கள் பல. அவற்றில் முக்கியமானது, தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பும் உரிமை. பதிலாள் போகலாம் என்றால் நீ தொழிலாளி அல்ல. நமக்குப் பதிலாளாக ஒருவர் போனார் என்பதன்மேல் கட்டப்பட்ட சமயத்தைச் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் சட்டப் புத்தகத்தில் வந்து நிற்பது விநோதமாயிருந்தது.

நியாயமாகச் சொல்வதானால், இந்த வேலையின் சுதந்திரம் முற்றிலும் பொய்யல்ல. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரலாம். செத்த வீட்டுக்குப் போக யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். முந்திய தலைமுறை பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் 12 மணி நேர இரவுகளைக் கழித்ததோடு ஒப்பிட்டு, காற்றாவது வீசுகிறது என்பார் எங்களில் மூத்தவர். ஆனால் அந்தத் தலைமுறைக்கு ஒன்று இருந்தது. அப்போது அகதி விண்ணப்பம் ஆறு மாதம் கிடப்பில் கிடந்தால் வேலை செய்ய அனுமதி கேட்கலாம். 2002 ஜூலையில் அதை எடுத்துவிட்டார்கள். இன்றுள்ள விதி ஓராண்டு கழிந்த பின்னும் குறித்த பட்டியலில் உள்ள வேலைகளுக்கே இடம் தருகிறது. சாப்பாடு காவுவது அதில் இல்லை. ஆகவே பதிலாள் என்ற அந்த வாசலால், இன்னொருவரின் பெயரில், இன்னொருவரின் கணக்கை வாரவாடகைக்கு எடுத்து ஓடுகிறவர்கள் உண்டாகிறார்கள். 2024 இலிருந்து பதிலாட்களையும் சோதிக்கக் கொம்பனிகள் இணங்கின. முகத்தைப் போனில் காட்டச் சொல்கிறார்கள். பிறகும் வாடகை நிற்கவில்லை, ஏறியது.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கத்தோலிக்கருக்கு எட்டாவது, மற்றவர்களில் பலருக்கு ஒன்பதாவது கட்டளை. எண்ணில்தான் பேதம். கதவைத் திறந்தவர் போனைப் பார்த்து வேறொரு பெயரைச் சொல்லி நன்றி சொல்ல, மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் தலையாட்டிவிட்டுத் திரும்புகிறார் என்றால் அது பொய்தான். அதை உண்மையாக்க எங்களிடம் வேதவசனம் இல்லை. ஆனால் பசிக்காகப் பெயரை இரவல் வாங்குகிறவனும், அந்தப் பசியைக் கண்டு பெயரை வாடகைக்கு விடுகிறவனும் ஒரே பொய்யைச் சொன்னாலும் ஒரே பாவத்தைச் செய்யவில்லை. வாடகைக்கு விடுகிறவர்களில் தமிழரும் உண்டு. ஞாயிறு ஆராதனையில் முன்வரிசையில் இருக்கிறவர்களும் உண்டு. வேறொருவரின் கடவுச்சீட்டில் தலை மாற்றி வந்து இறங்கிய ஒரு சமூகம் இதில் முதலாமவனை மட்டும் பிடித்து நியாயம் தீர்ப்பது அழகல்ல. இந்த விடயத்தில் எங்கள் சபைகளின் மௌனம் எங்களுக்குப் புரியவில்லை. புரிகிறது என்றால் இன்னும் கவலையாயிருக்கிறது.

நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 1973 இல் டார்லி, பாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்ரன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்துச் செய்த பரிசோதனை ஒன்றை வெளியிட்டார்கள். ஒரு சிறு பேச்சுப் பேச வேண்டுமென்று அவர்களைப் பக்கத்துக் கட்டிடத்துக்கு அனுப்பினார்கள். பாதிப்பேருக்குத் தலைப்பு, நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒரு வாசற்படியில் ஒருவர் குனிந்து விழுந்து இருமிக்கொண்டிருக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். அவசரமில்லாதவர்களில் 63 வீதம் நின்று உதவினார்கள். பிந்திவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 வீதம் மட்டுமே. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறவர்கள் என்பது பெரிய வித்தியாசம் ஒன்றையும் செய்யவில்லை. எரிகோவுக்குப் போகிற வழியில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போனதற்குக் கல்நெஞ்சுதான் காரணமென்று நாங்கள் எண்ணியிருந்தோம். ஒருவேளை அவர்களிடமும் மணி பார்க்கிற யாரோ இருந்திருக்கலாம்.

ஆர்ச்வே றோட்டுக்கு மேலே உயரத்தில் ஹோர்ன்சி லேன் பாலம் நிற்கிறது. 1900 இல் கட்டி முடித்தது. அதற்கு முன்னிருந்த கல் வளைவால்தான் இந்த ஊருக்கே ஆர்ச்வே என்று பேர். அந்தப் பாலத்துக்குத் துயரமான ஒரு பேரும் உண்டு. 2019 இல் உயரமான வேலி போட்டார்கள். கார்த்திகை மாதத்து இரவொன்றில் எங்களில் இளையவர் ஒரு சாப்பாட்டைக் கிறவுச் என்ட் பக்கம் கொண்டுபோகையில், வேலியோரமாக ஒருவர் அசையாமல் நிற்பதைக் கண்டார். கடந்து போய், திரும்பி வந்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கிட்டப் போனார். என்ன கேட்பதென்று தெரியவில்லையாம். “சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டன் அண்ணை, வேறையொண்டும் வாயில வரேல்லை” என்றார் பிறகு. அந்த மனிதர் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இவர் முதுகுப் பெட்டியைத் திறந்து, காவி வந்ததையே எடுத்துக் கொடுத்தார். நடைபாதையில் இருவரும் இருந்தார்கள். இவர் அவசர சேவைக்குப் போன் எடுத்து, பொலிஸ் வரும்வரைக்கும் நாற்பது நிமிடம் பக்கத்திலேயே இருந்தார். இதற்கிடையில் ஓடர் கொடுத்தவர் மூன்று முறை கூப்பிட்டிருந்தார். இவருடைய கணக்கு பத்து நாள் நிறுத்தப்பட்டது.

சதுக்கத்தில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. அது களவு என்றார் ஒருவர். இன்னொருவன் காசு கொடுத்து வாங்கிய சாப்பாட்டைத் தானம் பண்ண நீ யார், கடை பக்கத்தில்தானே, உன் காசில் வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்றார். மற்றொருவர் அபக்கூக்கை இழுத்தார். வெட்டுக்காரர் ஒரு நேரம் பட்டினி கிடந்தாலும் பிறகு வேறு கூழ் காய்ச்சியிருப்பார்கள் என்றார். மூத்தவர் மட்டும், சாப்பாட்டை விடுங்கோ, அதுக்கு விலை இருக்கு, கட்டிவிடலாம். அந்த நாற்பது நிமிசம் ஆருடையது எண்டு சொல்லுங்கோ என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. இளையவர் பேசாமல் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பத்து நாளைக்கு அவருடைய அறை வாடகைக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். களவு என்று சொன்னவர்தான் முதலில் காசை எடுத்து நீட்டியவர்.